ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

சவரியப்பன் தன் மூத்த மகளை அடிக்கத் தொடங்கியது தவக்காலம் ஆரம்பித்த வாரத்தில்தான். பெரிய அடி ஒன்றும் இல்லை. பொற்கொடி அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிடக் குனிந்தால் முதுகில் ஒன்று வைப்பார். சோற்றுத் தட்டை நீட்டினால் தட்டிவிடுவார். அந்த அடி அவளுக்கு வலிக்கவில்லை. கூடவே வந்த பேச்சுதான் வலித்தது.

"நீ யாரு என்னயப் புடிச்சு வைக்கிறதுக்கு? ராணி வரட்டும். ராணிகிட்டச் சொல்றேன்."

ராணி என்று அவர் சொன்னது இளைய மகள் சகாயராணியை. அறந்தாங்கியில் டீச்சராக இருந்தாள். புருஷன் குவைத்தில். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புதுக்கோட்டை பஸ் ஏறி அப்பாவைப் பார்க்க வருவாள்.

சவரியப்பன் கட்டுமாவடியில் நெடுங்காலம் மீன் ஏலம் விட்டவர். படகு கரை தட்டியதும் கூடையைத் தூக்கி வைத்து அவர் விலை கூவினால் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். மறதி வந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் போய் நிற்க ஆரம்பித்த பிறகு அவரைத் தனியாக விட முடியவில்லை. பொற்கொடியும் அவள் கணவன் சூசைராஜும் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருந்த தங்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தார்கள். சூசைராஜ் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரே மகளும் கல்யாணமாகி ஓசூர் பக்கம் போய்விட்டாள். ஆகவே விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்த வீட்டில் அப்பாவும் பொற்கொடியும்தான்.

பொழுது சாய்ந்துவிட்டால் அவருக்குப் படகு வந்துவிடும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கதவைப் பிடித்து ஆட்டுவார். ஏலத்துக்கு நேரமாகிவிட்டது, மீன் கெட்டுப்போகும், கதவைத் திற என்பார். இது கோகர்ணம், இங்கே கடலும் இல்லை, படகும் இல்லை என்று பொற்கொடி சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். சொல்லச் சொல்ல அவருக்கு ஆத்திரம் ஏறும். கடைசியில் கை நீளும்.

ராணி வந்தால் வீடே வேறாகிவிடும். அவள் கையைக்கூடக் கழுவாமல் அப்பாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கத்தரிக்காயையோ வெங்காயத்தையோ ஒரு கூடையில் போட்டு வைத்துக்கொண்டு, "மொதலாளி, இந்தக் கூடை என்ன வெல போவுது?" என்று கேட்பாள். அவர் முகம் மலர்ந்துவிடும். விலை கூவுவார். அவள் கட்டுப்படியாகாது என்பாள். அவர் சிரிப்பார். அப்படியே பேச்சுவாக்கில் ஒரு தட்டுச் சோற்றை ஊட்டி முடித்துவிடுவாள்.

அடுப்படியில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்பாள் பொற்கொடி. குழம்புக் கரண்டி கையில் அப்படியே நிற்கும். வாரத்தில் ஆறு நாள் மூத்திரத் துணி அலசுகிறவளுக்கு அடி. ஏழாம் நாள் பூ வைத்துக்கொண்டு வருகிறவளுக்குச் சிரிப்பு. கடவுளே, இது என்ன கணக்கு என்று நினைப்பாள்.

புதிதாக வந்த நினைப்பில்லை அது. அம்மா செத்தபோது பொற்கொடிக்குப் பள்ளிக்கூடம் நின்றது. ராணி சின்னவள் என்று அப்பா அவளைப் புதுக்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார். விடுதியில் பார்க்க விடும் நாளெல்லாம் வஞ்சிர மீன் வறுவலோடு கிளம்பிவிடுவார். மசாலா அரைத்து வறுத்துக் கொடுப்பவள் பொற்கொடி. தூக்குப் பாத்திரம் காலியாகத் திரும்பி வரும். அதைக் கழுவிக் கவிழ்க்கும்போது ஒருநாள்கூட அவர், நீ தின்னியா என்று கேட்டதில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ராணியிடம் அன்பாகத்தான் இருந்தாள். ராணியும் அக்கா என்றால் உயிரை விடுவாள். ஆனாலும் அது உள்ளே கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் பால்காரன் வந்த நேரத்தில் திறந்து கிடந்த கதவு வழியாக அவர் வெளியேறிவிட்டார். டவுன் பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றவரை ஓர் ஆட்டோக்காரர் இழுத்து ஓரமாக்கிக் கூட்டிவந்தார். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் சூசைராஜ் பயந்துபோனார். இனித் தள்ளிப்போட வேண்டாம், டாக்டரிடம் போவோம் என்றார். ராணியும் லீவு போட்டு வந்தாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். அவசரப்படாமல் கேட்டார். எங்காவது வலி இருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் பார்த்தார். சிறுநீர்ப் பரிசோதனையில் கோளாறு இல்லை. அதன் பிறகுதான் மாத்திரையைப் பற்றிப் பேசினார். ஆத்திரத்தையும் அலைச்சலையும் குறைக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது. ஞாபகத்தைத் திருப்பிக் கொடுக்காது. தூக்கம் அதிகமாகும், கை கால் விறைக்கலாம், விழுந்துவிடுகிற ஆபத்து கூடும், வயசானவர்களுக்குச் சில சமயம் பக்கவாதம்கூட வரலாம். கொடுக்காவிட்டால் மறுபடி ரோட்டுக்கு ஓடலாம், கவனித்துக்கொள்கிறவருக்கு அடி விழலாம்.

"ரெண்டு பக்கமும் கஷ்டம் இருக்குங்க. வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க. குடுக்கிறதா இருந்தா, ராத்திரி அரை மாத்திரையில ஆரம்பிப்போம். கூட்டுறதோ குறைக்கிறதோ என்கிட்டக் கேட்டுட்டுத்தான்" என்றார்.

ராணி உடனே வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட அப்பா அப்படியெல்லாம் இல்லைங்க டாக்டர். கொழந்த மாதிரி இருக்காரு."

பொற்கொடிக்கு முகத்தில் சூடு ஏறியது. முதுகில் விழுந்த அத்தனை அடியும் அவளுடைய கைராசிக் குறையால் வந்தது என்று ஒரு வெளி ஆளுக்கு முன்னால் வைத்துச் சொன்னதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பேச்சு முற்றியது. மாத்திரை போட்டு அப்பாவைக் கட்டையாக்க வேண்டாம், அவர் போக்கில் பேசினால் அடங்கிவிடுவார் என்றாள் ராணி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து கூடையை ஏலம் கேட்கிறவளுக்கு அப்படித்தான் தெரியும் என்றாள் பொற்கொடி. ராணிக்குக் கண் கலங்கியது. சூசைராஜ் இருவருக்கும் நடுவில் புகுந்து, அரை மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் நிறுத்திவிடுவோம் என்று முடித்துவைத்தார்.

மாத்திரை வேலை செய்தது. சில நாளிலேயே சாயங்கால ஆட்டம் தணிந்தது. துண்டைத் தேடுவார், எடுத்துத் தோளில் போடுவார், பிறகு எதற்குப் போட்டோம் என்று மறந்து உட்கார்ந்துவிடுவார். பொற்கொடி நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகக் குளித்தாள்.

இன்னொன்றும் நடந்தது. அவர் ராணியைக் கேட்பது நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராணி கூடையோடு உட்கார்ந்து விலை கேட்டபோது அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார், யாரோ சீட்டுப் பணம் கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டார். ராணி கூடையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். பொற்கொடி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. பாவம் என்று நினைக்கத்தான் அவள் விரும்பினாள். வந்தது பாவம் இல்லை, சந்தோஷம்.

உடம்பு மாத்திரைக்குப் பழகியதோ என்னவோ, சில வாரத்தில் அவர் கொஞ்சம் தெளிந்தார். ஆத்திரம் திரும்பவில்லை. சிரிப்பும் ராணியைக் கேட்பதும் மட்டும் திரும்பின. ராணி வந்து உட்கார்ந்ததும் அவள் கன்னத்தைத் தொட்டு, "எளச்சுப் போயிட்டியே ஆத்தா" என்றார். பொற்கொடி கேட்டுக்கொண்டே நின்றாள். அவளைப் பார்த்து அவர் எதுவும் சொன்னதில்லை. அவளும்தான் இளைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லியைப் பிசையும்போது, மீதி அரை மாத்திரையையும் நசுக்கிச் சேர்த்தாள்.

அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. ராணியைப் பார்த்துவிட்டால் திங்கட்கிழமை முழுக்க அவளைத் தேடி அலைகிறார், அந்த அலைச்சல் வேண்டாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்யும் இல்லை அது. ஆனால் கை இட்லியைப் பிசைந்தபோது மனசு நினைத்தது திங்கட்கிழமையை இல்லை. ராணி வரும்போது அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அவள் எழுந்து போனாள். பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்ட சூசைராஜ், ராணி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள் என்றார். பொற்கொடி தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்குச் சோறு ருசித்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே நடந்தது.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு. அப்பா பகலெல்லாம் இப்படிக் கிடந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும், எழுப்பி நாலு அடி நடத்திப் பார்க்கிறேன் என்று ராணி அவரை நாற்காலியிலிருந்து தூக்கினாள். கால் விறைத்துக்கொண்டு வரவில்லை. ஒரு அடி வைத்தார். அவள் பிடியிலிருந்து அப்படியே சரிந்தார். கதவு நிலையில் நெற்றி மோதி, புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் ஒழுகியது.

"நான்தான்க்கா விட்டுட்டேன். ஏங் கைதான் வழுக்கிருச்சு" என்றாள் ராணி. ஆட்டோவில் போகும்போதும் துண்டை அவர் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பொற்கொடி அப்பாவின் காலைப் பிடித்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தாள். இல்லை, உன்னால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

காயத்துக்குத் தையல் போட்டார்கள். டாக்டர் வந்து அவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். மாத்திரை எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ராத்திரி அரை மாத்திரைதான் என்றாள் ராணி. அரை மாத்திரைக்கு இந்த விறைப்பும் மயக்கமும் அதிகமாகத் தெரிகிறதே என்று டாக்டர் யோசித்தார். மூளையில் ஏதாவது அடைப்பா, புதிதாக வேறு ஏதாவது ஆரம்பித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இப்போதே திருச்சிக்கு அனுப்புவதுகூட நல்லது என்றார். சூசைராஜ் ஆம்புலன்ஸுக்குப் பேச எழுந்தார்.

இல்லாத நோய்க்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்பது பொற்கொடிக்குப் புரிந்தது.

"காலையிலயும் அரை குடுத்தேங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஞாயித்துக்கெழம மட்டும், காலையிலயும் ஒரு அரை."

டாக்டர் அவளைப் பார்த்தார். "ஏன் ஞாயித்துக்கிழமை மட்டும்?"

ராணி தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் எதுவும் இல்லை. பிறகு மெதுவாக எல்லாம் வந்தது. சூசைராஜ் மட்டும் எதுவும் விளங்காமல் கையில் போனோடு இருந்தார்.

டாக்டர் அதட்டவில்லை. திருச்சிப் பேச்சை நிறுத்திவைத்து, அன்று அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். மாத்திரையை முழுதாக நிறுத்தினார். மறுநாள் சவரியப்பன் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

ராணி சண்டை போடுவாள் என்று பொற்கொடி எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, நீ இத்தனை நாள் பார்த்துவிட்டாய், பள்ளிக்கூடம் லீவுதான், அப்பா கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சூசைராஜ் காரை அமர்த்தி அறந்தாங்கியில் கொண்டுபோய் விட்டுவந்தார்.

வீடு காலியானது. அலசத் துணி இல்லை, பூட்டக் கதவு இல்லை. ஓய்வு வேண்டும் என்று ஏங்கியவளுக்கு ஓய்வு கிடைத்தும் உடம்பு படுக்கவில்லை. அறந்தாங்கியில் இப்போது கூடை ஏலம் நடந்துகொண்டிருக்கும் என்று நினைப்பாள். ராணி ஊட்ட அவர் வாயைத் திறப்பார் என்று நினைப்பாள். ராணிக்கு இனி எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். செய்த காரியத்துக்கு வெட்கம் இருந்தது. அதோடு பொறாமையும் இருந்தது. வெட்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். அது போகவில்லை.

முதலில் ராணி அனுப்பிய போட்டோக்களில் அவர் சிரித்தார். பிறகு போட்டோ வருவது குறைந்தது. பள்ளிக்கூடம் திறந்தது, பக்கத்து வீட்டு அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வைத்திருப்பதாகச் சொன்னாள். ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது. பின்னால் கதவு ஆடும் சத்தம் பொற்கொடிக்குக் கேட்டது.

"ஒன்னயத்தான்க்கா கேக்குறாரு" என்றாள் ராணி. குரல் கரகரத்தது. "பொற்கொடி எங்க, பொற்கொடி வரட்டும், அவகிட்டச் சொல்றேங்கிறாரு. கூடையைத் தூக்கி என்மேலயே எறிஞ்சுட்டாரு. என்னயப் பாத்து நீ யாருங்குறாரு."

பொற்கொடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தாள்.

பிறகு ராணி கேட்டாள்.

"அந்த மாத்திரையக் குடுத்துரட்டுமாக்கா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். மாத்திரை கொடுத்தால் அவர் கேட்பது நின்றுவிடும். பொற்கொடி எங்கே என்று இன்னும் நாலு நாள், பத்து நாள் அவர் கேட்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. வேண்டாம் என்று யாருக்காகச் சொல்கிறோம்? அப்பாவுக்காகவா? கொடு என்று சொன்னாலும் அது யாருக்காக? ராணி அடி வாங்காமல் இருக்கவா, தான் நல்லவள் என்று காட்டவா? எந்தப் பதிலும் சுத்தமாக இல்லை.

"நான் வாரேன். நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றாள்.

மறுநாள் அவள் அறந்தாங்கி போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ராணியின் முழங்கையில் நகக்கீறல். சவரியப்பன் கேட்டைப் பிடித்தபடி நின்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொற்கொடி ஒன்றை நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் தன்னைப் பார்த்ததும் எப்படி இருப்பார், என்ன சொல்வார் என்று.

"அப்பா" என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாம்மா. நீ எந்த ஊரு? வர்ற வழியில எங்க பொற்கொடியப் பாத்தியா?"

ராணி சிரிக்கவில்லை. அந்த உதவியை அவள் அக்காவுக்குச் செய்தாள்.

ஆயுசு முழுக்கத் தங்கையைப் பார்த்து எரிந்தவளுக்கு அன்றைக்கு அந்தப் பொற்கொடியைப் பார்த்து எரிந்தது. அப்பா தேடி அலைகிற, எங்கேயும் இல்லாத அந்தப் பொற்கொடி. நான்தான் அப்பா என்று சொல்ல நாக்குவரை வந்தது. சொன்னால் நம்ப மாட்டார், கை நீளும் என்றும் தெரிந்தது.

"பொற்கொடி யாருங்க?" என்று கேட்டாள்.

"எம் மூத்த பொண்ணு. அவ இருந்தா என்னய இப்படிப் பூட்டி வைக்க வுடுவாளா? அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்."

"வருவாங்க" என்றாள் பொற்கொடி. "வர்ற வரைக்கும் நான் தொணைக்கு நிக்கிறேன்."

அவர் ஒத்துக்கொண்டார். கேட்டைப் பிடித்தபடி இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கால் வலித்ததும் அவரே உள்ளே வந்து உட்கார்ந்தார். ராணி தட்டைக் கொடுத்தாள். பொற்கொடி ஊட்டினாள். சாப்பிட்டார்.

அவர் கண்ணயர்ந்த பிறகு ராணி அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு பேசினாள். இவ்வளவு நாள் உனக்கு எப்படி இருந்தது என்று தெரியவில்லை, இப்போது தெரிகிறது என்றாள். மேலும் சொன்னாள்.

"அவரு ஒம் பேரச் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுச்சுக்கா. மிச்சம் இருந்த மாத்திரைய முந்தாநாளு கையில எடுத்துட்டேன். ஒன்னய நெனச்சுத் திரும்ப வச்சுட்டேன்."

அது பொற்கொடியைக் குத்தியது. குத்தட்டும் என்று இருந்தாள். "நல்லது பண்ண" என்றாள்.

அந்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போனார்கள். இந்த முறை ஒருத்தி சொன்னதை மற்றவள் மறுக்கவில்லை. என்னிடமும் அடிக்கிறார் என்றாள் ராணி. அவர் சொல்வதை மறுத்துப் பேசாமல் இருந்தால் கொஞ்சம் அடங்குகிறார் என்றாள் பொற்கொடி. அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. முன்னைவிடக் குறைந்த அளவில், சாயங்காலம் மட்டும், சில வாரத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது, பிறகு வந்து காட்டிக் குறைப்பது என்று முடிவானது. சாயங்காலம் கதவைப் பூட்டி வைப்பதற்குப் பதிலாக வெளியே நடத்திக் கூட்டிப்போகச் சொன்னார் டாக்டர். அப்பா இனி ஒரு மாதம் கோகர்ணத்தில், ஒரு மாதம் அறந்தாங்கியில். மாத்திரை கொடுக்கும்போது வீடியோ காலில் மற்றவள் இருக்க வேண்டும் என்று பொற்கொடியேதான் சொன்னாள். ராணி வேண்டாம் என்றாள். இருக்கட்டும் என்றாள் இவள்.

மழைக்காலம் வருவதற்குள் மாத்திரை நின்றே போனது. அடி முழுதாக நிற்கவில்லை. ஆனால் குறைந்தது. கோகர்ணத்தில் இருக்கும் மாதங்களில் பொற்கொடி அவரைப் பொழுது சாய்கிற நேரத்தில் குளத்தங்கரைக்கு நடத்திக் கூட்டிப்போவாள். அவர் தண்ணீரைப் பார்ப்பார். இன்னும் படகு வரவில்லை என்பார். வரவில்லை என்பாள் அவளும். திரும்பி வருவார்கள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அங்கே நின்றபடி அவர் புதிதாக ஒரு பெயரைச் சொன்னார். பிலோமினா வந்துவிட்டாளா என்று கேட்டார். பிலோமினா வந்தால்தான் சாப்பிடுவேன் என்றார். அம்மாவின் பெயர் அது இல்லை. அத்தைமார் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. பொற்கொடி அங்கிருந்தே ராணிக்குப் போன் போட்டாள்.

"யாருடி பிலோமினா?"

ராணிக்கும் தெரியவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "நம்மள வுட்டுட்டு யாரக்கா அவரு இப்புடி உருகித் தேடுறாரு?" என்றாள். குரலில் அசல் கோபம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்த பிறகும் இருவருக்கும் கொஞ்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. கட்டுமாவடியில் பழைய ஆட்களிடம் விசாரிக்கிறேன் என்று ராணி சொன்னாள். சவரியப்பன் மகளின் கையிலிருந்த போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, பிலோமினா, சுருக்க வா, மீன் கெட்டுப்போகும் என்றார்.

வாரேன் என்று ராணி அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.